அடித்தளம் செவியில்தான்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வாசிப்பு மாதத்தை முன்னிட்டு எங்கள் வாசிகசாலை முற்றத்தில் பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோரே, வணக்கம். சிறுவரின் வாசிப்புக்கு அடித்தளம் எழுத்துப் பயிற்சியா, செவிப் பயிற்சியா என்ற வினாவுக்குச் செவிப் பயிற்சியே என வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி விஜயதசமியன்று ஏடு தொடக்குவதைச் சான்றாகக் காட்டி, அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதுவித்த நம் முன்னோர் எழுத்தையே முதலாகக் கொண்டனர் என்றார். அந்தக் காட்சியை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். குருக்கள் 'அ' என்று சொல்கிறார், மடியில் இருக்கும் பிள்ளை திருப்பிச் சொல்கிறது, அந்த ஒலியோடுதான் விரலும் நகர்கிறது. இலக்கணமும் அப்படித்தான். 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்று வரையறுத்த நன்னூலார், எழுத்துகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொல்லி முடித்த பிறகே அவற்றின் உருவத்துக்கு வருகிறார்.

தரம் 1இல் சேர்ந்து சில மாதங்களான என் பேர்த்தி 'படம்' என்ற சொல்லில் விரலை வைத்து, "பானா, டானா, இம்" என்று பிழையின்றி வாசித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். எழுத்துகளின் பெயர்கள் அனைத்தும் அவளுக்குத் தெரியும். ஆனால் பானாவையும் டானாவையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் படம் வராது. கொப்பியை மூடிவிட்டு, சொற்களைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டி விளையாடினோம். 'வாழைப்பழம்' என்பதற்கு அவள் வா, ழைப், ப, ழம் என்று நான்கு தட்டுத் தட்டினாள். எழுத்தோ ஆறு. புள்ளியெழுத்துக்குத் தனித் தட்டு இல்லை, அது முன்னுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் 'வாழைபழம்' என்று ஒற்றை விட்டு எழுதுவது கவனக்குறைவால் அல்ல, 'ழைப்' என்பதன் இறுதியில் உதடு மூடுவதை ஒருவரும் அவர்களுக்குக் கேட்கப் பழக்காததால்தான்.

'கொக்கு' என்ற சொல்லையும் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ககரம் ஒலித்த பிறகே ஒகரம் ஒலிக்கிறது. 'கொ' என்பதை ஒரே ஒலியாகக் கேட்டுப் பழகிய பிள்ளை கொம்பையும் காலையும் ககரத்தோடு சேர்த்து ஒரே உருவமாகக் காண்கிறது. பழகாத பிள்ளை கொம்பிலேயே தடுக்கி நிற்கிறது.

செவி எங்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு என்பதை மறைக்க மாட்டேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது, ஆகவே 'பழம்' என்பதைக் கண்ணால் கண்டுதான் பிள்ளை திருத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு புள்ளியை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. வீட்டில் 'வருகினம்' என்று கேட்டு வளரும் பிள்ளை புத்தகத்தில் 'வருகிறார்கள்' என்பதைக் காண்கிறது. அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி ஒலித்துவிட்டாலும், அது தான் நாள்தோறும் பேசும் அதே சொல் என்று பிள்ளைக்குப் படுவதில்லை. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகாத மொழியாக இருக்கும்வரை வாசிப்பு வெறும் ஒலிப்பாகவே நிற்கும். அதைப் பழக்கும் வழி, ஒவ்வோர் இரவும் தாயோ அம்மம்மாவோ ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, பேச்சுத் தமிழுக்கு மாற்றாமல், உரக்க வாசித்துக் காட்டுவதுதான். மின்சாரம் இல்லாத காலத்தில் குப்பி விளக்கின் முன்னால் எங்களில் பலர் அப்படித்தான் வாசிக்கப் பழகினோம்.

247 எழுத்தும் மனப்பாடமான பின்பே சொல்லுக்குப் போக வேண்டும் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். உயிரும் மெய்யும் முப்பது. அவற்றின் ஒலியும், உயிர்க்குறிகள் சேரும் முறையும் பிடிபட்டால் உயிர்மெய்களைப் பிள்ளை தானே கூட்டிக்கொள்ளும். 'ஙௌ' என்பதை இருபது தரம் எழுதிவரச் சொன்ன ஒரு முன்பள்ளிக் கொப்பியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடுவர் அவர்களே, என் வாதத்துக்குப் பதில் சொல்ல எதிரணித் தலைவி எழும்போது, அந்த 'ஙௌ' வருகின்ற ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை முதலில் இந்த அவைக்குச் சொல்லுமாறு தாங்கள் அவரைக் கேட்க வேண்டும்.