வந்தவன் மேல் பழி, வீட்டுக்குள் நோய்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ரஷ்யாவின் ரோமானோவ் அரச குடும்பத்தைச் சீரழித்தது வெளியிலிருந்து வந்த ரஸ்புடின் என்ற சாமியாரா, வீட்டுக்குள் இருந்த ஒளிவுமறைவா என்ற வினாவுக்கு, ஒளிவுமறைவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

சைபீரியக் குடியானவன் ஒருவன் அரண்மனைக்குள் நுழைந்ததால்தான் குடி கெட்டது என்றார் எதிரணித் தலைவர். அவனுக்கு வாசலைத் திறந்துவிட்டது எது என்பதை அவர் சொல்லவில்லை. 1904இல் பிறந்த இளவரசன் அலெக்ஸிக்கு ஹீமோஃபிலியா எனும் குருதி உறையா நோய் இருந்தது. தாய்வழியாக வந்த அந்நோயால் அரசி அலெக்ஸாந்திராவின் அண்ணன் ஒருவனே குழந்தைப் பருவத்தில் இறந்திருந்தான். அரியணைக்குரிய ஒரே மகன் நோயாளி என்பதை நாடு அறியக் கூடாது என்று பெற்றோர் முடிவு செய்ததால், மருத்துவம் கைவிட்ட இடத்தில் அந்தத் தாய்க்கு, 1905இல் அறிமுகமான ரஸ்புடினின் பிரார்த்தனையைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாமற் போயிற்று. 1912இல் போலந்தின் ஸ்பாலா மாளிகையில் சிறுவன் சாகக் கிடந்தபோதும், வெளியான மருத்துவ அறிக்கைகளில் நோயின் பெயர் இல்லை. ரஸ்புடின் அரண்மனைக்கு வந்துபோகும் காரணம் தெரியாத ஊர், அரசியின் ஒழுக்கத்தையே பழித்தது.

அவ்வீட்டுக்குள் வந்த இன்னொரு வெளியாளையும் எண்ணிப் பாருங்கள். 1905இலிருந்து இளவரசியருக்குப் பிரெஞ்சு கற்பித்த சுவிஸ் ஆசிரியர் பியேர் ஜில்யார், அன்றாடம் அங்கே சென்று வந்தும், சிறுவனின் நோய் இன்னதென்று பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தார்.

ரஸ்புடின் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. 1915இல் மன்னர் நிக்கோலாய் முதல் உலகப் போரின் தலைமையகத்துக்குச் சென்றபின், அரசி அவன் சொல்லைக் கேட்டு அமைச்சர் நியமனங்களில் தலையிட்டது உண்மைதான். ஆனால் 1916 டிசம்பர் இறுதியில் அவனைக் கொன்றவர்களுள் மன்னருடைய தங்கை மகளின் கணவரும், மன்னரின் சித்தப்பா மகனும் இருந்தார்கள். கேடு அவனே என்றால், அவன் போன பின்னர் வீடு தேறியிருக்க வேண்டுமல்லவா? 75 நாட்களில் முடியாட்சியே போயிற்று.

1917 மார்ச் 15 அன்று பிஸ்கோவ் நகரில், ரயில் பெட்டிக்குள், மகனுக்கு ஆதரவாகவே நிக்கோலாய் முதலில் முடிதுறக்க எண்ணினார். மருத்துவர் ஃபியோதொரவை அழைத்து, பிள்ளையின் நோய் தீருமா என்று கேட்டார். தீராது என்றார் மருத்துவர். மகனின் உரிமையையும் சேர்த்தே துறந்து கையெழுத்திட்டார். அந்த ரயில் பெட்டியில் ரஸ்புடின் எங்கே இருந்தான் என்பதை எதிரணியினர் விளக்கட்டும்.