பேர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

[காட்சி: மாந்தோப்பு ஓரத்து மண்சாலை. ஒரு ஸ்கூட்டர் வருகிறது. பின் இருக்கையில் கயிறு போட்டுக் கட்டிய சின்ன மர நாற்காலி.]

வணக்கம். ஸ்கூட்டரின் பின்னால் இருக்கிற அந்த நாற்காலியைக் கொஞ்சம் பாருங்கள். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிற 7 வயதுப் பையனுக்காக, பக்கத்து ஊர் ஆசாரி செய்து கொடுத்தது. வேப்ப மரப் பலகை, நடுவில் ஒரு சின்னக் கட்டை, முன்னால் ஒரு தட்டு. அவ்வளவுதான். இந்த நாற்காலி வருகிறவரை அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு முழு நாள் இருந்ததே கிடையாது. பதிவேட்டில் மட்டும் அவன் பெயர் ஒரு வருஷமாக இருந்தது.

நாங்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒரு சின்ன அறக்கட்டளை. ஒரு வாடகை வீடு, ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு சிறப்பு ஆசிரியர்கள், ஊர் ஊராகப் போய்வருகிற நான்கு களப்பணியாளர்கள். எங்கள் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: பதிவேட்டில் இருக்கிற பெயருக்கும் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிற பிள்ளைக்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் குறைப்பது.

[காட்சி: திண்ணை. கோரைப்பாய். சுவரில் ஆணியில் தொங்கும் புதுப் பள்ளிப்பை.]

முதல் தடவை போனபோது அவன் இந்தப் பாயில்தான் படுத்திருந்தான். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. பார்த்துக்கொள்வது ஆயா, அவனுடைய பாட்டி. "பள்ளிக்கூடத்துல பேரு இருக்குது கண்ணு. புஸ்தகம், துணி எல்லாம் குடுத்துட்டாங்க. பையன்தான் இங்க கிடக்கிறான்" என்றார்.

சேர்த்த முதல் வாரம் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை சரிந்து விழுந்திருக்கிறான். பயந்துபோய், "பேர் இருக்கட்டும், வீட்டிலேயே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன ஆசிரியர் கெட்டவர் இல்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிற பள்ளி. ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் ஒரு வருஷம் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாத எந்தப் பிள்ளைக்கும் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. பக்கத்துப் பள்ளி என்றால், மற்ற பிள்ளைகளோடு அதே வகுப்பில், இந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி கட்டடத்தையும் பாடம் நடத்தும் முறையையும் மாற்றிக்கொண்டு சொல்லித்தர வேண்டும். இதைத்தான் உள்ளடங்கிய கல்வி என்கிறோம். பிள்ளை பள்ளிக்குத் தக்கபடி மாறியபிறகு வரட்டும் என்று காத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

சரி, அந்த நாற்காலிக்கு வருவோம்.

[காட்சி: நாற்காலியின் அளவு எடுக்கும் கைகள். இன்ச் டேப்.]

பையனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்ததும் அழவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு வந்தது என்று ஆயா சொன்னார். அந்த நேரத்தில் மூளைக்குப் போதுமான ஆக்சிஜன் போகாவிட்டால், உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிற பகுதி பாதிக்கப்படலாம். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளாக ஆக வளர்வதில்லை. உடம்பு அப்படி இல்லை. படுக்கையிலேயே விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கினபடியே நின்றுவிடும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டோம்.

தாங்கல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கை எப்போதும் உடம்பைப் பிடித்துக்கொள்ளத்தான் போராடும். பென்சில் பிடிக்க அதற்கு நேரமில்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் இருக்கும்படி உட்கார வைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு பலகை கொடுத்து, முதுகுக்குத் தாங்கல் கொடுத்தால், கை விடுபடுகிறது. தலை நிற்கிறது. கண் நேராகப் பார்க்கிறது. தொடை இரண்டுக்கும் நடுவே அந்தச் சின்னக் கட்டை எதற்கென்றால், கால்கள் கத்தரி மாதிரி குறுக்காகப் பின்னிக்கொள்ளாமல் இருக்க. அளவு தப்பினால் நாற்காலியால் பயனில்லை. அதனால்தான் கடையில் வாங்காமல் அவன் உடம்பை அளந்து ஆசாரியிடம் செய்கிறோம். 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும், பிள்ளை வளர்கிறானே.

சாப்பாடும் இதில் அடங்கும். மடியில் சாய்த்துப் படுக்க வைத்து ஊட்டினால் புரையேறும்; உணவு நுரையீரலுக்குப் போய், சளி, காய்ச்சல் என்று அடிக்கடி ஆஸ்பத்திரி. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை லேசாகத் தாழ்த்தி, கெட்டியான கேழ்வரகுக் கூழைச் சின்னக் கரண்டியில் கொடுக்கச் சொன்னோம். விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான உணவு எளிது, அது தொண்டையில் மெதுவாக இறங்கும். எந்தப் பிள்ளைக்கு எது சரி என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முன்பு ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பார் ஆயா. இப்போது அதில் பாதி நேரம்கூட ஆவதில்லை.

ஆயாவுக்கும் ஒரு பயிற்சி கொடுத்தோம். 60 வயதைத் தாண்டியவர் ஒரு பையனைத் தினமும் தூக்கி இறக்குகிறார். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை மார்போடு அணைத்துத் தூக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தோம். அவர் இடுப்பு போனால் பிள்ளையின் படிப்பும் போய்விடும்.

[காட்சி: பாதத்தில் சின்ன மாவுக்கட்டு போட்ட குழந்தை.]

சில குறைபாடுகளைச் சீக்கிரம் பிடித்துவிட்டால் பள்ளி வயதில் பிரச்சினையே இருக்காது. பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பதை வளைபாதம் என்பார்கள். பிறந்த சில வாரத்தில் தொடங்கி வாரம் ஒரு மாவுக்கட்டு என 5, 6 கட்டு போட்டாலே பெரும்பாலும் நேராகிவிடும். நிறையப் பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டும் தேவைப்படும். அப்புறம் கம்பி வைத்த ஷூ, முதல் 3 மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, பிறகு 4 வயது வரை ராத்திரியில். இங்கேதான் குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. கால்தான் நேராகிவிட்டதே, அழுகிற பிள்ளைக்கு எதற்கு ஷூ என்று கழற்றிவிடுவார்கள். பாதம் மறுபடி திரும்பிவிடும். எங்கள் களப்பணியாளர்கள் ராத்திரி 8 மணிக்கு போன் செய்து "ஷூ போட்டாச்சா அக்கா?" என்று கேட்பது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் மண்ணுக்கே உரியது. இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அடியில் இருக்கிற பாறையிலிருந்து கரைந்து வருவது அது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருஷக்கணக்கில் அதைத் தாண்டிக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பில் இறுக்கம். சத்துக் குறைவும் சேர்ந்தால் வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்கால் ஒன்றோடொன்று இடிக்கும் அளவுக்குக் கால் வளையும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் ஆகும். இதைச் சொன்னால் பல வீடுகளில் நம்பவே மாட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் வருகிற ஊர்களில்கூட, குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதனால் கால் வளைந்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனால், முதலில் குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம்.

[காட்சி: மலைப்பாதை. ஒரு சிறுமி, படங்கள் வரைந்த அட்டைகள்.]

இது தேன்கனிக்கோட்டைப் பக்கம். இந்தச் சிறுமியைப் பற்றி எங்களிடம் வந்த தகவல், "புத்தி கம்மி, பேச்சு வரல." எங்கள் சிறப்பு ஆசிரியர் தமிழில் கேட்டார்: யானை எது, குடை எது? அவள் பேசாமல் இருந்தாள். வீட்டில் பேசுவது தெலுங்கு என்று தெரிந்ததும் அதே அட்டைகளைத் தெலுங்கில் கேட்டார். "ஏனுகு" என்று தொட்டுக் காட்டினாள். அவளுக்கு இருந்தது லேசான காது கேளாமை. புதிய மொழி, அதுவும் பாதிச் சத்தம்தான் காதில் விழுகிறது. எப்படிப் பதில் சொல்வாள்? ஓசூர், தளி, அஞ்செட்டி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் ஏராளம். தமிழில் மட்டும் சோதித்துவிட்டு அறிவுசார் குறைபாடு என்று எழுதிவிட்டால், அந்த எழுத்து அவளை ஆயுளுக்கும் துரத்தும். காதொலிக் கருவி போட்டு, முன் வரிசையில் உட்கார வைத்தோம். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் அவள் முகம் பார்த்துப் பேசுகிறார். இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

அரசு உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இவை போய்ச் சேர்வதே இல்லை. முதலில் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதில்லாமல் மற்றவை நகராது. கடுமையான பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி உண்டு, பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்குச் சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவார். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அதைத் தொடங்கிவைத்த இடமே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிதான். விண்ணப்பம் எழுதுவது, முகாம் நாளன்று வண்டி ஏற்பாடு செய்வது எங்கள் வேலையில் பாதி.

[காட்சி: பள்ளி வாசல். சிமெண்ட் சாய்தளம்.]

மறுபடி பாலக்கோடு. பள்ளியில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருந்தது. ஒன்றரை அடி உயரத்துக்கு 6 அடி நீளம். ஆயா தள்ளினால் சக்கர நாற்காலி பின்னால் வரும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் 18 அடி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். ஊரில் ஒருவர் மணல் கொடுத்தார், ஒருவர் சிமெண்ட் கொடுத்தார். சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டினோம்.

நாற்காலியை வகுப்பில் வைத்த அன்றைக்கு மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "தொடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆசிரியர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்: அவனுக்கு ஏன் கால் இறுகியிருக்கிறது, பேச ஏன் நேரமாகிறது, அவன் பேசி முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும் என்பதையும். அந்தக் காத்திருப்பைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாவது வாரமே, அவன் கண்ணை மேலே தூக்கினால் "ஆமாம்" என்று அர்த்தம் என்பதைக் கண்டுபிடித்து ஆசிரியருக்குச் சொன்னது அந்தக் கேள்வி கேட்ட பெண்தான்.

[காட்சி: வகுப்பறை. சன்னல் ஓரம் மர நாற்காலி. தட்டில் ஒரு பென்சில், பிடிக்க வசதியாகத் துணி சுற்றியது.]

இப்போது வாரத்தில் 4 நாள் வருகிறான். காலை முதல் மதியம் வரை. மதியத்துக்கு மேல் இருக்க முடியாததற்குக் காரணம் கழிப்பறை. கதவு குறுகல், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கம்பி வாங்கி வைத்துவிட்டோம். மேஸ்திரி சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.