கட்டில்ல உட்கார்ந்து பார்த்தா டாய்லெட் தெரியுதா?

(காட்சி: இரவு விளக்கு. கட்டில். எதிரே மூணு மூடின கதவு.)

ராத்திரி 2 மணி. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கிற ஒரு அம்மா எழுந்திருக்காங்க. பாத்ரூம் போகணும்னு உடம்பு சொல்லுது. எந்தக் கதவுன்னுதான் பிடிபடல. தேடுறதுக்குள்ள புடவை நனைஞ்சிடுது. இது நாலு தடவை நடந்தா, டயப்பர் போட்டுடுறாங்க.

(காட்சி: அதே அறை. டாய்லெட் கதவு திறந்து, உள்ளே விளக்கு எரியுது.)

படுத்த இடத்துலேருந்தே டாய்லெட் கண்ணுல பட்டா, நிறைய பேர் தாங்களே போயிட்டு வருவாங்க. வெள்ளை டைல்ஸ்ல வெள்ளை சீட் இருந்தா தெரியாது. நீலமோ சிவப்போ போடணும். ஒரு மனுஷியோட மானம் இதுல இருக்கு. அதனாலதான் இதையே இவ்வளவு நேரம் பேசுறேன்.

இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு 2023-ல வெளியான ஆய்வு மதிப்பிடுது. பெங்களூர்ல 30க்கு 40 அடி சைட்ல கட்டின வீடுகளே இவங்களைப் பார்த்துக்கிற ஹோமா மாறுது. பளபளன்னு கிரானைட் தரை. அது அவங்க கண்ணுக்குத் தண்ணி தேங்கின மாதிரி தெரியும். வாசல்ல போட்ட கறுப்பு மிதியடி பள்ளமாத் தெரியும். கால் வைக்க மாட்டாங்க. நாம 'அடம்'னு சொல்லிடுவோம்.

(காட்சி: நெதர்லாந்து வரைபடம்.)

நெதர்லாந்துல டிமென்ஷியா இருக்கிறவங்களுக்காகவே ஹோகவேக்னு ஒரு இடம், 2009-ல வந்தது. ஒரு வீட்டுக்கு ஆறேழு பேர். உள்ளேயே தெரு, சூப்பர் மார்க்கெட், தோட்டம். நடந்துகிட்டே இருக்கலாம், பூட்டின கதவுல போய் முட்ட வேண்டாம். நம்ம ஊர் நிலத்து விலைக்கு அது ஆகாது. ஆனா மாடிக்கு ஆறேழு பேர், சுத்தி வர ஒரு வழி, தாளிக்கிற வாசனை வர்ற சமையலறை – இது ஆகும்.

இன்னொண்ணு. பெங்களூர் அல்சூர்ல நாப்பது வருஷம் கன்னடம் சரளமாப் பேசின ஒரு தமிழ்த் தாத்தா, நோய் முத்தும்போது தமிழுக்கே திரும்பிடலாம். 'ஊட்டா ஆய்தா?'ன்னு கேட்டா முழிப்பார், 'சாப்டீங்களா?'ன்னா திரும்புவார். அப்போ கதவுல படமும் தமிழ் எழுத்தும் வேணும். அவர் அறை வாசல்ல கல்யாண போட்டோ மாட்டுங்க. இப்போதைய முகம் அவருக்கே தெரியாமப் போகலாம்.

ஹோம் பார்க்கக் காலையில போகாதீங்க. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதுதான் பல பேருக்குப் பதற்றம் ஏறும். அஞ்சரைக்குப் போங்க. எப்போ லைட் போடுறாங்க, தமிழ் பேசுற அட்டெண்டர் நைட் ஷிஃப்ட்லயும் இருக்காங்களான்னு கேளுங்க. அப்படியே கட்டில்லயும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க.