அம்மாவைக் கிளினிக்கில் இருந்து நிறுத்திவிட்டார்கள்: புது பமிலி டொக்டர் தேடிய ஐந்து மாதம்

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்குச் சமையலும் இல்லை, தோட்டமும் இல்லை. அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார், அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் கதைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பாருங்கள். பெயர் எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன். மூன்றே வரி. இனிமேல் உங்களைப் பார்க்க மாட்டோம், வேறு பமிலி டொக்டரைத் தேடிக்கொள்ளுங்கள், நன்றி. 2025 பெப்ரவரியில் வந்தது. நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. 12 வருடமாக ஒரே டொக்டர்.

வேலையால் வந்தபோது அம்மா இதை மடியில் வைத்து, மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். "நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை? ஒருநாளும் பிந்திப் போகேல்லையே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிளினிக்கால் நிறுத்துவதை எங்கள் ஆட்கள் வெளியில் சொல்வதில்லை, ஏதோ குற்றம் செய்ததுபோல ஒளிக்கிறார்கள். அதனால்தான் இந்த வீடியோ.

நடந்தது இதுதான். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவுக்கு இரண்டு தரம் சலக்கடுப்பு வந்தது, ஒருதரம் விடாத இருமல். மூன்று தரமும் சனிக்கிழமை. பிளாசாவில் இருக்கும், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வோக்-இன் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் டொக்டர் எஃப்.எச்.ஓ என்கிற முறையில் வேலை செய்தவர். அந்த முறையில் பதிந்திருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று ஒன்ராறியோ மாகாணம் டொக்டருக்குக் காசு கொடுக்கும். 2025இல் இருந்த விதிப்படி, பதிந்த ஆள் வெளியில் இன்னொரு குடும்ப டொக்டரிடம் போனால், அந்தச் செலவு இவருடைய போனஸில் கழியும். எமர்ஜென்சிக்குப் போனால் கழியாது. வோக்-இன் போனால் கழியும்.

முதலில் என் டொக்டரைத்தான் தொடர்புகொள்வேன் என்று, பதியும்போது நாங்களே ஒரு ஃபோமில் கையெழுத்து வைக்கிறோம். அம்மாவுக்காக அந்த ஃபோமை நிரப்பினது நான். வாசிக்கவில்லை. அந்தக் கிளினிக்குக்குச் சனிக்கிழமையும் ஒரு நம்பர் இருந்திருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியாது.

சரி, எச்சரிக்கை தர வேண்டாமா? தர வேண்டும். டொக்டர்மாரைக் கட்டுப்படுத்தும் காலேஜ் ஒவ் பிசிஷியன்ஸ் அண்ட் சேர்ஜன்ஸின் கொள்கை அப்படித்தான் சொல்கிறது. அந்த எச்சரிக்கைக் கடிதம் எங்கள் பழைய பேஸ்மென்ட் விலாசத்துக்குப் போயிருக்கிறது. ஒக்டோபரில் வீடு மாறியதை நாங்கள் கிளினிக்குக்குச் சொல்லவில்லை. ஹெல்த் கார்ட்டிலும் மாற்றவில்லை, அதை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும்.

இனி முக்கியமான இடம். கடிதம் வந்த அன்றைக்கே புது டொக்டரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் பழைய கிளினிக்கிடம் வாங்க வேண்டியதை வாங்குங்கள். அம்மாவிடம் சீனிக்கு எடுக்கும் மெற்போமின் குளிசை ஒன்பது நாளுக்குத்தான் இருந்தது. நான் கிளினிக்குக்குப் போன் எடுத்தபோது, "பைல் மூடியாச்சு" என்றார்கள். அப்படி மூட முடியாது. வேறு டொக்டரைத் தேட நியாயமான அவகாசம் தர வேண்டும், அதுவரை தேவையான சிகிச்சையையும் மருந்தையும் பார்க்க வேண்டும், கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவையும் கவனிக்க வேண்டும். இதை நான் சண்டை பிடிக்காமல், கொள்கையின் பெயரைச் சொல்லி, எழுத்தில் அனுப்பினேன். அடுத்த நாள் மூன்று மாதத்துக்கு மருந்துத் துண்டு பாமசிக்குப் போய்விட்டது.

பிறகு பைல். அது உங்கள் உரிமை, கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் கொப்பி எடுக்கும் காசை ஓஹிப், அதாவது மாகாண மருத்துவக் காப்புறுதி, கட்டாது. தனியுரிமை ஆணையர் நியாயம் என்று சொன்ன அளவு, முதல் 20 பக்கத்துக்கு 30 டொலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 25 சதம். 12 வருடப் பைல் முழுக்க எங்களுக்குத் தேவைப்படவில்லை. வருத்தங்களும் மருந்துகளும் உள்ள சுருக்கம், கடைசி இரண்டு வருட ரத்தப் பரிசோதனைகள், ஸ்பெஷலிஸ்ட் எழுதிய கடிதங்கள், ஊசி விபரம். இவ்வளவும் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் 811 என்கிற நம்பருக்கு எடுத்து, டொக்டர் இல்லாத ஆட்களுக்கு டொக்டர் தேடித்தரும் ஹெல்த் கெயார் கனெக்டில் பதியப் போனேன். அங்கே ஒரு சிக்கல். கம்பியூட்டரில் அம்மா இன்னும் பழைய டொக்டரிடம் பதிந்தபடியே இருந்தார். டொக்டர் இருக்கிற ஆளுக்கு ஏன் டொக்டர் என்கிற மாதிரி. மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்கு எடுத்து அந்தப் பதிவை நீக்கிய பிறகுதான் பட்டியலில் சேர்த்தார்கள். இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிற ஆட்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

அந்த ஜனவரி 27ஆம் திகதிதான் ஒன்ராறியோவில் 1.8 பில்லியன் டொலர் ஒதுக்கி, 2029க்குள் 20 லட்சம் பேருக்குக் குடும்ப மருத்துவம் கிடைக்கச் செய்வோம் என்று அறிவித்தார்கள். நல்ல விசயம். ஆனால் அம்மாவுக்குக் குளிசை மே மாதத்தில் முடிகிறதே.

அதனால் நானும் தேடினேன். காலேஜின் இணையத்தளத்தில் டொக்டர்மாரை மொழி வைத்துத் தேடலாம், தமிழும் இருக்கிறது. 23 கிளினிக்குகளுக்கு எடுத்தேன். ஓரிடத்தில் புது ஆட்களை எடுக்கிறோம் என்றார்கள், அம்மாவின் வருத்தங்களைக் கேட்டார்கள், சொன்னேன், உடனே இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வந்த ஒழுங்கில்தான் எடுக்க வேண்டும், வருத்தம் கூட என்று தள்ளக் கூடாது என்பது அவர்களுக்கே உள்ள விதி. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கடைசியில் வழி காட்டினது எங்கள் பாமசிஸ்ட். மே மாதத்தில் அவரே மருந்தைப் புதுப்பித்துத் தந்தார், ஒன்ராறியோவில் அவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அப்புறம், உங்கள் பகுதிச் சமூக சுகாதார நிலையத்தில் நேர்ஸ் பிரக்டிஷனர் ஒருவர் புது ஆட்களை எடுக்கிறார், இன்றைக்கே எடுங்கள் என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை. "டொக்டர் இல்லையே, நேர்ஸ் தானே?" பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதும், வருத்தம் கண்டுபிடிப்பதும், மருந்து தருவதும் அவர்களால் முடியும் அம்மா, இதே ஒன்ராறியோவில், சட்பரியில் 2007இலேயே அவர்களே நடத்தும் கிளினிக் தொடங்கிவிட்டது என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜூலையில் முதல் நாள். அம்மா தன் சீனிக் கொப்பியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு காலையும் மெஷின் காட்டுவதை எழுதி, பக்கத்தில் 18ஆல் பெருக்கி, ஊரில் சீனியைச் சொல்லும் கணக்கையும் எழுதுவார். 7.8, பக்கத்தில் 140. நான் எத்தனையோ தரம் வேண்டாம் என்றிருக்கிறேன். அந்த நேர்ஸ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இரண்டாவது இலக்கம் என்ன என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் கால்விரல்களில் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். இடது சின்ன விரலில் தொட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தொட்டார். அம்மா பேசாமல் இருந்தார். 12 வருடத்தில் அந்தக் காலை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருதரம் போகிறோம், காலுக்குத் தனியாக ஒருவரிடமும் அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குக் காரில் ஏறியதும் அம்மா கொப்பியின் பின் அட்டையில் அந்த நேர்ஸின் பெயரைத் தமிழில் எழுதினார், கீழே சனிக்கிழமைக்கு எடுக்க வேண்டிய நம்பரையும் எழுதினார்.

அம்மா எழும்பிவிட்டார் போல இருக்கிறது. இரவுக் குளிசைக்கு நேரமாகிறது, போய் வருகிறேன்.