விலை கூடிய வயர்லெஸ் ஹெட்போன்: மலையகத்தில் காசுக்கு ஏற்ற வேலை செய்யுமா?

[காட்சி: ஹட்டன் பஸ் நிலையம். கொழும்பு பஸ் ஒன்று எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கிறது. பின்னணி இசை வேண்டாம், இந்தச் சத்தமே போதும்.]

வணக்கம். காதை முழுதாக மூடுகிற வயர்லெஸ் ஹெட்போன், அதிலும் வெளி இரைச்சலைக் குறைக்கும் விலை கூடிய ரகம். இன்றைக்கு அதைத்தான் பார்க்கப்போகிறோம். சோனி, போஸ், ஆப்பிள், சென்ஹைசர் என்று நாலைந்து பெயர்களே இதில் சுற்றிச் சுற்றி வரும். வெளிநாட்டில் விலை 400 டொலரை ஒட்டி நிற்கிறது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 2020இல் வந்தபோதே 549 டொலர்.

டொலர் 300 ரூபா என்று வைத்தால் 400 டொலருக்கே ஒரு லட்சத்து இருபதாயிரம். அதற்குமேல் 18 சதவீத வற் இருக்கிறது, கடைக்காரரின் லாபம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் வரி சேராமலே 89 நாள் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். ஆசைக்கு வாங்கிப் பார்க்கிற சாமான் இல்லை இது.

[காட்சி: ஓடும் பஸ்ஸின் உள்ளே. முதலில் சாதாரண ஒலி. பிறகு ஹெட்போனுக்குள் வைத்த மைக்கில் பதிந்த ஒலி.]

வித்தியாசம் கேட்டதா? அந்த 'உர்ர்ர்' என்ற அடிச்சத்தம் மட்டும் காணாமல் போய்விட்டது. ஹோர்ன் அப்படியே இருக்கிறது. நடத்துனரின் குரலும் இருக்கிறது.

காரணம் எளிது. ஹெட்போனுக்கு வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அடங்குகின்றன. எஞ்சின் மாதிரி ஒரே சீராக, தாழ்ந்த தொனியில் வருகிற சத்தத்துக்கு இது பிரமாதம். திடீரென்று வீறிடும் சத்தத்தையும், மேல் தொனியில் வருவதையும் சிப்பால் சரியாகத் துரத்திப் பிடிக்க முடியாது. அவற்றைக் காது மெத்தைதான் ஓரளவு தடுக்கிறது.

இந்த யோசனைக்கு வயது அதிகம். பவுல் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936இலேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஹெட்போனுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர் போஸ் கம்பனியை நிறுவிய அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒருவரின் மகன் அவர். 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டை ரசிக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989இல் விற்பனைக்கு வந்தது, நம்மைப் போன்ற பயணிகளுக்கானது 2000இல். எஞ்சினுக்காகவே பிறந்த பொருள் என்பதால்தான் கினிகத்தேனை ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறும் பஸ்ஸிலும் நன்றாக வேலை செய்கிறது.

டிரைவர் போடும் பாட்டு? மேளம் குறையும், பாடகர் இருப்பார். அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இதில் காதுக்கும் ஒரு நன்மை உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். பஸ்ஸில் சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு எஞ்சினை மிஞ்சுவதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடலாம். அடிச்சத்தம் அடங்கிவிட்டால் பாதி வொல்யூமே போதும். வாராவாரம் கொழும்புக்குப் போய் வருகிறவர்களுக்கு என் கணக்கில் இதுதான் முதல் நியாயம். ஒலித்தரம் அதற்குப் பிறகுதான்.

[காட்சி: லயத்து அறை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. தகரக் கூரையில் மழை. மேசையில் லேப்டொப்.]

சரி, வீட்டுக்கு வருவோம். மழைச் சத்தத்தில் எல்லாத் தொனியும் கலந்திருக்கும். கீழ்த்தொனி போகும், 'பட பட' என்பது மெலிந்து கேட்கும். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பராவின் டீவி நம் வீட்டு டீவி மாதிரிதான். பேச்சுக்குரலை ஹெட்போன் முழுதாக அழிக்காது. ஆனால் மெதுவாக ஏதாவது இசையை ஓடவிட்டால் போதும், குரல் அதற்குள் அமுங்கிவிடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் இதற்கு மட்டும் என்றால் ஒரு லட்சம் தேவையே இல்லை. 100 டொலருக்குக் கீழே உள்ள மாடல்களே இந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடுகின்றன.

வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை பார்ப்பவர்களுக்கு வேறு கதை. லேப்டொப்பையும் போனையும் ஒரே நேரத்தில் இணைத்துக்கொள்ளலாம், நாள் முழுக்கப் போட்டாலும் காது வலிக்காது. ஆனால் நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை என்றால், வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண வயர் ஹெட்செட்டே மேல். விலை கூடியதன் மைக் காதுப் பக்கமே இருக்கிறது. மழையும் காற்றும் இருக்கும்போது எதிர்ப்பக்கம் "கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும்.

[காட்சி: பழைய ஹெட்போனின் காது மெத்தை, மிக அருகில். தோல் உரிந்து கறுப்புத் தூள் விரலில் ஒட்டுகிறது.]

எந்த விளம்பரத்திலும் வராத விஷயம் இது. காது மெத்தையைப் பெரும்பாலும் பொலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலில் செய்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் பொலியூரித்தேனை மெல்ல மெல்ல உடைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அலமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும்போது இந்த மெத்தை எம்மாத்திரம்? போடாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் உரியும். முதலில் ஓரத்தில் சின்னச் சுருக்கம், அப்புறம் கன்னத்திலும் காதிலும் கறுப்புச் செதில்.

நம் தலையெண்ணெய் இதை இன்னும் வேகப்படுத்தும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு போட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் மேல்பட்டையிலும் எண்ணெய் ஊறும். கழற்றியதும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பை. அவ்வளவுதான் பராமரிப்பு. நல்ல செய்தி, பல மாடல்களில் மெத்தையைக் கழற்றி மாற்றலாம்.

குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டு, அதற்குமேல் ஹெட்போன் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு வீண். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பேஸ் ஒழுகும், இரைச்சல் குறைப்பும் பாதியாகும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பும் பெரிய ஜிமிக்கியும் இதே வேலையைத்தான் செய்யும். தொப்பியைக் கழற்றுங்கள். இந்த ஹெட்போனே காதுக்குக் கதகதப்பாக இருக்கும். கொழும்பில் அரை மணித்தியாலத்தில் வியர்த்து ஊற்ற வைக்கும் அதே மெத்தை நானுஓயாவில் சுகம்!

பெட்டரியைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. சோனியின் மேல்தர மாடல் 30 மணித்தியாலம், சென்ஹைசர் மொமெண்டம் 4 என்றால் 60. மரம் விழுந்து கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஆனால் சில வருடங்களில் லித்தியம் பெட்டரி தளரும். அதை மாற்றுவது மெத்தை மாற்றுவது போல எளிதான வேலை அல்ல.

எல்டாக் (வயர் இல்லாமல் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் சோனியின் முறை), நொடிக்கு 990 கிலோபிட் என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். யூடியூபில் பாட்டு கேட்கிறவருக்கு அது பயன்படாது. ஐபோனில் எல்டாக் வசதியே கிடையாது.

[காட்சி: தேயிலைக்கு நடுவே வளைந்து போகும் தோட்டப் பாதை.]

இந்தப் பாதையில் நடக்கும்போது மட்டும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வளைவில் இறங்கி வரும் லொறியின் எஞ்சின் சத்தத்தைத்தான் இந்த ஹெட்போன் முதலில் அழிக்கும். குளவி கலைந்தால் மேலே இருப்பவர்கள் கத்துவதும் தெளிவாகக் கேட்காது. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி எல்லா மேல்தர மாடலிலும் இருக்கிறது, ஆனாலும் காது மூடிய காதுதான்.

கடைசியாக வாங்கும் இடம். புறக்கோட்டையில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் 'சோனி'யைக் கண்டு மயங்க வேண்டாம். கம்பனியின் சொந்த ஆப்பில் இணைத்துப் பாருங்கள், போலி பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வாரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழுதானால் பண்டாரவளையிலிருந்து கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள்தான். முந்தின தலைமுறை மாடல் விலை குறைந்து கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். சோனியில் 2020இல் வந்த எக்ஸ்எம்4 மடங்கும், பைக்குள் அடங்கும். 2022இல் அதற்கு அடுத்து வந்தது மடங்காது.

பணத்தை நீட்டுவதற்கு முன் இன்னொன்று கேளுங்கள்: "இதற்குக் காது மெத்தை தனியாகக் கிடைக்குமா?" கடைக்காரர் மேலே பார்த்து யோசித்தால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.