டைட்டிலில் கொம்பு ஏன் பின்னால் போகிறது?

அடுத்த கேள்வி குடியாத்தத்தில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அங்கே கெங்கையம்மனுக்கு நடக்கும் சிரசுத் திருவிழாவை செல்போனில் எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எடிட் செய்கிறாராம். 'கெங்கையம்மன்' என்று டைட்டில் போட்டால், கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறதாம். ஃபான்ட் மாற்றியும் சரியாகவில்லை என்கிறார்.

அண்ணா, கோளாறு ஃபான்டில் இல்லை. கம்ப்யூட்டரில் எழுத்துகளைப் பதிவு செய்யும் பொது முறையான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டு வருவது சாஃப்ட்வேரின் வேலை. சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களின் டைட்டில் பகுதிக்கு அந்த வேலை தெரியாது. 'கொ' போட்டுப் பாருங்கள், இன்னும் மோசமாக வரும்.

பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் வைத்திருந்தால், செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சின் இருக்கும், அதற்கு மாற்றினால் போதும். இல்லையென்றால் பாமினி மாதிரி பழைய ஃபான்ட். அதில் தட்டிய வரிசையிலேயே எழுத்து விழும், கொம்பு ஓடாது. ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் புராஜெக்டைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கும். எனக்கு அது பிடிக்காது.

நான் சொல்வது இந்த வழி. கிம்ப் என்ற பட எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம், அதில் தமிழும் உடையாது. 1920-க்கு 1080 பிக்சல் அளவில், பின்னணி இல்லாத பக்கம் திறந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டில் எழுதி, பின்னணி இல்லாமலே சேமிக்கும் பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்து, வீடியோவுக்கு மேல் டிராக்கில் வையுங்கள். ஜேபெக் வேண்டாம். அதில் பின்னணியும் ஒட்டிக்கொண்டு வந்து அம்மனையே மறைத்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். திருவிழா நடக்கும் வைகாசி வெயிலில் நம் ஊர் வானம் வெளுத்துக் கிடக்கும். அதன்மேல் வெள்ளை எழுத்து போட்டால் யாருக்குத் தெரியும்? எழுத்துக்கு அடியில் பாதி தெரிகிற கறுப்புப் பட்டை ஒன்று போடுங்கள். வேலூர்க் கோட்டை மதில் மாதிரி கருங்கல் பின்னணி என்றால் பட்டையே தேவையில்லை.

எழுத்து சுழன்று பறந்து வருகிற எஃபெக்ட் எல்லாம் வேண்டாம் அண்ணா, கல்யாண கேசட் காலத்தோடு அது போகட்டும். மெதுவாகத் தோன்றி மறைந்தால் போதும். வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்கட்டும். கீழ் ஓரத்தில் மட்டும் 100 பிக்சல் விட்டு வையுங்கள், வீடியோ எவ்வளவு ஓடியது என்று காட்டும் யூடியூபின் சிவப்புக் கோடு அங்கேதான் வரும்.