ஹூலா ஹூப்பும் சீன மருத்துவத்தின் இடுப்பு நாடியும்

(திரையில்: ஒருவர் இடுப்பில் வளையம் சுற்றிக்கொண்டிருக்கிறது.)

வளையம் சுற்றினால் வயிறு நன்றாக இருக்குமா? சீன ஆரோக்கிய வட்டாரத்தில் இதைக் கேட்டால், "டாய் மாய் திறக்கும்" என்பார்கள். அது என்ன என்று முதலில் பார்ப்போம்.

சீன மருத்துவம் உடலில் ச்சி என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகளைச் சொல்கிறது. ஏறக்குறைய எல்லாமே மேலும் கீழுமாக ஓடுபவை. டாய் மாய் என்னும் இடுப்பு நாடி மட்டும் இடுப்பைச் சுற்றிக் குறுக்கே ஓடுகிறது. நெடுக்கே ஓடும் பாதைகளையெல்லாம் கதிர்க்கட்டுக்குக் கயிறு போட்டதுபோல நடுவில் சேர்த்துப் பிடிப்பது அதன் வேலை.

(திரையில்: பக்கவாட்டில் உடல் வரைபடம்.)

உங்கள் உடம்பிலேயே தேடலாம். விலாவின் ஓரத்தில் கையை வைத்துப் பின்பக்கமாக நகர்த்துங்கள். பதினோராவது விலா எலும்பின் முனை தட்டுப்படும். அங்கிருந்து நேராகக் கீழே, தொப்புள் மட்டத்துக்கு வாருங்கள். டாய் மாய் என்றே பெயருள்ள அக்குபஞ்சர் புள்ளி இதுதான். சீனாவில் பலர் இந்த இடத்தைக் கை முஷ்டியால் தட்டிக்கொள்வார்கள், இடை மெலியும் என்ற நம்பிக்கையில். வளையம் உரசிப் போகும் இடமும் ஏறக்குறைய இதுவே.

"நான் ஜிங்" என்ற பழைய சீன மருத்துவ நூல் இந்த நாடி கெட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறது: வயிறு உப்பியிருக்கும், இடுப்பு தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத் துவண்டிருக்கும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்த வர்ணனை புரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்த நூலில் ஹூலா ஹூப் கிடையாது. இப்போது நாம் சுற்றும் பிளாஸ்டிக் வளையத்தை 1958-இல் கலிபோர்னியாவின் வாம்-ஓ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டது நம் காலத்து ஆட்கள். உடலை அறுத்துப் பார்த்தாலும் டாய் மாய் என்று ஒரு குழாய் கிடைக்காது. அதனால் "நாடி திறந்தது, கழிவு வெளியேறியது" என்று யாராவது விற்க வந்தால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

சரி, அப்படியானால் பலனே இல்லையா? இருக்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை கூடுதலாக உள்ள 53 பேர் ஆறு வாரம் 1.5 கிலோ வளையம் சுற்றினார்கள், இன்னொரு ஆறு வாரம் நடந்தார்கள். வளையம் சுற்றிய நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 13 நிமிடம்தான். இடுப்புச் சுற்றளவு சுமார் 3 சென்டிமீட்டர் குறைந்தது. நடந்த வாரங்களில் அது ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. நடு உடம்பின் தசையும் வளையத்தால் கூடியது. காரணம் எளிது: வளையம் கீழே விழாமல் இருக்க, ஒவ்வொரு சுற்றுக்கும் வயிறு, முதுகு, பக்கவாட்டுத் தசைகள் முறை வைத்து இறுகித் தளர்கின்றன.

(திரையில்: பக்கவாட்டுக் கோணம், பாதம் முதல் தோள்வரை.)

இடுப்பை வட்டமாகச் சுழற்ற வேண்டாம். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முன்னும் பின்னுமாகத் தள்ளினாலே போதும். நிறுத்திப் பிடித்தால் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே வரும் அளவு பெரிய வளையமாக வாங்குங்கள். சின்னது வேகமாகச் சுற்றும், சட்டென்று விழும். உள்ளே முண்டு முண்டாக இருக்கும் "மசாஜ்" வளையங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. முதல் வாரமே இடுப்பு கன்றிப்போகும்.

எப்போது சுற்றுவது என்பதில் பழைய சீன வைத்தியர்களின் போக்கு நமக்கு உதவும். தாங் வம்சக் காலத்து சுன் ஸிமியாவ், சாப்பிட்டபின் மெதுவாக நடந்து வயிற்றைத் தடவிவிடச் சொன்னார். வயிறு நிறைந்திருக்கும்போது குலுக்கச் சொல்லவில்லை. வளையத்துக்கும் அதே கணக்குதான்: சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். தடவுவதாக இருந்தால் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் தொடங்கி மேலே, குறுக்கே, பிறகு இடப்பக்கமாகக் கீழே. பெருங்குடல் போகும் வழியும் இதுதான்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் அறுவை நடந்து தேறிவருபவர்கள், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். பாதி நேரம் இடம், பாதி நேரம் வலம் என்று சுற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமே பழகிவிடும்.

அப்புறம், அதே ஃபின்லாந்து ஆய்வில் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது வளையம் இல்லை, நடைதான். பிபி இருப்பவர்கள் வளையம் வாங்கிய கையோடு மாலை நடையை நிறுத்திவிடாதீர்கள்.